‘இதெல்லாம் ஒரு ஜாப்பா?’

நெல் மண்டியின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு டிராக்டர் நுழைய முடியாது, ஓர் ஆள் நுழையலாம். அந்த ஓர் ஆள் நுழையும் இடத்தில் தினேஷ் நின்றுகொண்டிருந்தான். எதிரே, இடுப்பில் முறமும் கையில் தொடப்பமுமாக முனியம்மா.

தை மாதத்துக் காலை. சம்பா அறுவடை தொடங்கி மண்டிக்குள் காற்றே மஞ்சளாக இருந்தது. நெல்தூசி மூக்கில் ஏறினால் எனக்கு வரிசையாகத் தும்மல் வரும். எப்போதும் ஏழு. அன்று மூன்றாவது தும்மலில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. மீதி நான்கும் வரவில்லை. கோபம் தும்மலை நிறுத்தும் என்று எந்த வைத்தியரும் எனக்குச் சொன்னதில்லை.

“கார்டு இருக்காம்மா?” என்றான் தினேஷ்.

“இன்னா கார்டு? ரேஷன் கார்டா?”

“ஐடி கார்டு. இங்க ஜாப்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கோம்ல, நீலக் கயித்துல.”

“நான் இருவது வருசமா இங்க வரேன் தம்பி. உங்கப்பாவக் கேளு.”

“வர்றீங்க. இல்லன்னு யாரு சொன்னா? தரையில கெடக்கிறதக் கூட்டி எடுத்துட்டுப் போறீங்க. இதெல்லாம் ஒரு ஜாப்பாம்மா?”

முனியம்மா பதில் தெரியாதவள் இல்லை. மூட்டை தூக்குகிற ஆட்களே அவள் வாய்க்குப் பயந்து பீடியைத் தூரமாகப் போய்ப் பற்ற வைப்பார்கள். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியை அவள் வழி மறிக்க மாட்டாள். ஒதுங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தினேஷ் யார் என்று சொல்ல வேண்டும். மண்டி முதலாளியின் மகன். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவன். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என்னை ‘அங்கிள்’ என்கிறான், அது ஒன்றே போதும்.

நான் அந்த மண்டியில் முப்பத்தொரு வருஷம் எடை எழுதியவன். இப்போது தினமும் காலையில் அங்கே போவது ஓசியில் பேப்பர் படிக்க. இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது தெரியும்.

தரையில் கிடப்பது யாருடையது

மண்டியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன்.

விவசாயி நெல்லைக் கொண்டுவந்து தரையில் அம்பாரமாகக் கொட்டுவார். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்து விலை சொல்வார். பிறகு கோணியில் பிடித்து, எடை போட்டு, வாயைத் தைத்து அடுக்குவார்கள். கடைசி மூட்டையும் போன பிறகு, அம்பாரம் இருந்த இடத்தில் கொஞ்சம் நெல் சிதறிக் கிடக்கும். மண்ணும் பதரும் கல்லும் கலந்த நெல்.

அதைச் சுத்தமாகக் கூட்டி எடுத்தால்தான் அடுத்தவர் நெல்லை அங்கே கொட்டலாம். இல்லாவிட்டால் ஒருவர் நெல் இன்னொருவர் நெல்லில் கலந்து, இரண்டு ஊருக்குச் சண்டை.

அந்தச் சிதறல் யாருடையது? கூட்டுகிறவளுடையது என்று நீங்கள் நினைக்கலாம். மண்டிக்காரருடையது என்று தினேஷ் நினைத்தான். இரண்டும் தப்பு. அது எடையில் ஏறாத நெல். அதனால் இன்னும் விவசாயியுடையது.

கூட்டுகிற பெண் அவர் முன்னால் போய் நின்று, “கூட்டிக்கட்டுமா நைனா?” என்று கேட்க வேண்டும். அவர், “கூட்டிக்கம்மா” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தொடப்பம் தரையில் படும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் திரும்பி வரும்வரை தொடப்பம் சுவரோரம் சாய்ந்திருக்கும். விலை கட்டுப்படியாகாமல் முதலாளியை ஏசிக்கொண்டே போகிறவர்கூட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்.

மாட்டேன் என்று சொன்னவர்கள் என் காலத்தில் மூன்று பேர். இரண்டு பேர் கதவு வரை போய்த் திரும்பி வந்து, “சரி, கூட்டிக்க” என்றார்கள். மூன்றாவது ஆள் எனக்குச் சொந்தக்காரர். அவரைப் பற்றி எழுத இந்த வாரம் இடம் போதாது.

அப்படிக் கூட்டிய நெல்லைப் புடைத்து, கல் நீக்கி, சாயங்காலம் ஒரு பையில் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் போவாள் முனியம்மா. தை, மாசி இரண்டு மாதம். அதுதான் அவள் வீட்டுக்கு வருஷத்துச் சோறு. ரேஷன் அரிசி இருக்கிறதே என்பீர்கள். மாதத்தில் பாதி நாளுக்கு அது வரும். மீதிப் பாதியை இந்தத் தரைதான் போட்டது. அவள் புருஷன் அதே மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருக்கிறவர். இந்த இரண்டு மாதம் கதவுக்கு வெளியே போனால், அந்த வீட்டில் ஆடியில் அடுப்பு எரியாது.

இதைத்தான் அந்தப் பையன் ஒரு வார்த்தையில் கேட்டான்: இதெல்லாம் ஒரு ஜாப்பா?

அகராதியோடு ஒரு மத்தியானம்

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பெரிய ஆங்கில அகராதியை இறக்கினேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு நானே வாங்கிக்கொண்டது. மண்டியில் ஒரு சால்வை போட்டார்கள். செஞ்சி வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“சாப்ட்டுட்டு சண்ட போடக்கூடாதா?” என்றாள் என் மனைவி சரோஜா.

“யாரோட சண்டை?”

“அந்தப் புஸ்தகத்தோட. பக்கத்தக் கிழிச்சிடுவீங்க போல இருக்குது.”

ஜாப் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வெள்ளைக்காரனுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அகராதியே ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. ஆனால் முதன்முதலில் எழுத்தில் வந்தபோது, அதாவது நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், அதற்கு மாதச் சம்பளம் என்ற பொருள் இல்லை. நாற்காலி என்ற பொருளும் இல்லை. ஒரு துண்டு வேலை, அவ்வளவுதான். முழுசாக ஒருவரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளாமல், அன்றன்றைக்கு வந்து ஒரு காரியத்தை முடித்துவிட்டுப் போவது.

அதற்கும் முன்னால் போனால் கட்டி, உருண்டை, வாய் கொள்கிற ஒரு கவளம் என்று பொருள் தருகிற பழைய சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நாட்டுப்புறத்தில் ஒரு வண்டிப் பாரத்துக்கும் அந்தப் பெயர் இருந்ததாம். அதே எழுத்துகளில் இன்னொரு சொல்லும் இருந்திருக்கிறது. பறவை அலகால் கொத்துவதற்கு. இரண்டும் உறவா என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நானும் தரவில்லை.

படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. துண்டு வேலை. கவளம். வண்டிப் பாரம். இவற்றில் எது முனியம்மாவிடம் இல்லை? எது தினேஷிடம் இருக்கிறது?

அந்தச் சொல்லின் பிற்கால நடத்தை இன்னும் மோசம். அரசாங்கப் பதவியில் உட்கார்ந்து தன் பையை நிரப்பிக்கொள்வதற்கு அதுதான் பெயர் என்று ஆனது. பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற இடைத்தரகனுக்கு அதிலிருந்து ஒரு பட்டம். திருடர்கள் கன்னம் வைப்பதையும் அப்படியே சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். பழைய அகராதிக்காரர்கள் அதை அற்பச் சில்லறை வேலை என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அந்தச் சொல் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, நீலக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து கதவில் நிற்கிறது. நின்று, முனியம்மாவைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறது!

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கிறித்தவப் பையன், வேதத்தில் வருகிற யோபுவின் பெயரும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான் என்று காட்டினான். ஆடு, மாடு, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போய்க் குப்பையில் உட்கார்ந்து கடவுளைக் கேள்வி கேட்டவர். அவருக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. அன்று மத்தியானம் மட்டும், இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

உத்தியோகமும் சும்மா கிடப்பதும்

எங்கள் நைனா வல்லத்தில் ஒன்றரை ஏக்கர் பயிர் செய்தவர். எனக்கு மண்டியில் இடம் கிடைத்தபோது ஊர் முழுக்க, “பையன் உத்தியோகத்துல சேந்துட்டான்” என்று சொன்னார். விடியலில் ஏர் பூட்டி இருட்டினால் வீட்டுக்கு வருகிற அவரை யாராவது என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டால், “சும்மா, நெலத்துல கெடக்கிறேன்” என்பார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, தராசு காட்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதினேன். அது உத்தியோகம். நைனா நெல்லையே உண்டாக்கினார். அது சும்மா கிடப்பது. இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள்? எந்தக் கூட்டத்தில் முடிவானது? எனக்கு வயது எழுபத்துநாலு. இன்னும் பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டு ரோடு வரை நடந்தேன். கடைப் பலகைகளில் ‘ஜாப்’ என்று எழுதியிருந்ததை எண்ணிக்கொண்டே போனேன். டைப்பிங் முடித்தால் ஜாப், டாலி படித்தால் ஜாப், ஸ்போக்கன் இங்கிலீஷ் பேசினால் நூறு சதவீதம் ஜாப். மொத்தம் எட்டரை. ஒரு பலகையில் பாதி உரிந்து ‘ஜா’ மட்டும் இருந்தது, அதற்கு அரை.

தலையைத் தூக்கினால் கோட்டை. கீழ்க்கோட்டையில் பெரிய களஞ்சியம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உள்ளே போய்க் கைதட்டி எதிரொலி கேட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டிய ராஜா யார், பிடித்த நவாப் யார் என்று வழிகாட்டிகள் மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். நெல் கொட்டி வைத்த இடம் என்றால், அதன் தரையை எவளோ ஒருத்தி கூட்டித்தானே இருக்க வேண்டும்? எந்த ராஜாவிடமும் அவள் ‘கூட்டிக்கட்டுமா’ என்று கேட்டதாகக் கல்வெட்டு இல்லை.

நான் வாங்கிக் கொடுத்த ஜாப்

கோபத்தோடு நேராக மண்டிக்குப் போனேன். தினேஷுக்கு எதிரே உட்கார்ந்து, அகராதியில் படித்தது அத்தனையும் சொன்னேன். கட்டி, கவளம், வண்டிப் பாரம் எல்லாம். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“சூப்பர் அங்கிள். இத நீங்க ரீல்ஸா போடலாம்.”

“முனியம்மாவை உள்ளே விடு.”

“அங்கிள், மூட்டை சரிஞ்சு அவங்க மேல விழுந்துச்சுன்னு வைங்க. யாரு பொறுப்பு? ஜாப்ல இருந்தா நான் பொறுப்பு. இல்லன்னா அவங்க யாரு? எதுக்கு உள்ள வந்தாங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. அது என் கோபத்தை அதிகப்படுத்தியது. அவள் புருஷன் இடுப்பு போனபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். “அது எங்கப்பா காலம் அங்கிள்” என்றான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். ஹவுஸ்கீப்பிங் என்று ஓர் இடம் போடுகிறேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. மாதச் சம்பளம். சீருடை. கூட்டுகிற நெல் மண்டிக் கணக்கில் சேர்ந்துவிடும். அவள் வந்து சேரும்வரைக்கும் ஏஜென்சியிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து கூட்டுவார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய் முனியம்மாவிடம் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்தினாள்.

“எட்டு மணிக்கா? எங்க ஊரு பஸ்ஸே எட்டரைக்குத்தான் வருது.”

“அதைப் பேசிக்கலாம்மா.”

“ரெண்டு மாசம் நெல்லு. அப்புறம் மல்லாட்டக் கொல்லையில கடல புடுங்கப் போவணும். அப்புறம் நடவு. வருசம் முழுக்க இங்க நின்னுக்கினு இருந்தா அதுக்கெல்லாம் யாரு போவா? நீ போவியா?”

“சம்பளம் வருதே.”

“சம்பளத்த ஒலையில போட்டு வடிக்கிறதா? நெல்லு அவங்களுதுன்றான். நீயும் தலைய ஆட்டிட்டு வந்திருக்கிற. எனக்கு ஜாப்பு வேணும்னு உங்கிட்ட கேட்டனாண்ணா?”

“நீ எதுவும் கேட்கலையே.”

“கேக்கலல்ல? அப்புறம் எதுக்குப் போன?”

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பால் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உபகாரம் செய்யப் போனவனுக்கு இதுவா மரியாதை? பாதி வழியில்தான் காசு கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால் அவளே கொடுத்துவிட்டாளாம். அதற்கும் ஒரு கோபம்.

ஏழுமலையின் நெல்

அடுத்த நாள் தளவானூர் ஏழுமலை வந்தார். அறுபது வயது இருக்கும். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அவர் அம்பாரம் மூட்டையாகி, எடை முடிந்து, பணமும் கணக்கில் ஏறியாயிற்று. பின்னால் அடுத்த டிராக்டர் இறக்கக் காத்திருந்தது. ஏஜென்சி ஆட்கள் இரண்டு பேர் நீளக் கைப்பிடி போட்ட அகலத் துடைப்பத்தோடு வந்தார்கள்.

“இன்னாப்பா பண்றீங்க?” என்றார் ஏழுமலை.

“க்ளீன் பண்றோம்.”

“யாரக் கேட்டு?”

“சார் சொன்னாரு.”

“சாரோட நெல்லா இது?”

ஏழுமலை தோள் துண்டை எடுத்து உதறினார். சிதறின நெல்லுக்கு ஓரமாக, ஒரு மணிகூட மிதிபடாமல் விரித்து உட்கார்ந்துவிட்டார். தினேஷ் ஓடி வந்தான்.

“ஐயா, எடை போட்டாச்சு, பணம் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. எல்லாம் முடிஞ்சுதே?”

“மூட்டையில போனது உன்னுது தம்பி. கீழ கெடக்கிறது எடையில வந்துதா?”

“வரல.”

“அப்ப யாருது?”

தினேஷ் சிதறலைக் கையால் காட்டினான். “சரி, நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

“நான் எதுக்கு எடுக்கணும்? நான் குடுக்கணும். இங்க ஒரு பொம்பள வந்து கேக்கும். அது கேக்காம நான் எப்படிக் குடுக்கிறது? எங்க அது?”

மூட்டை தூக்குகிறவர்கள் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். தரை காலியானால்தானே அவர்களுக்கு அடுத்த மூட்டை? காத்திருந்த டிராக்டர்க்காரரும் இறங்கி வந்து, “அவரு சொல்றது சரிதான தம்பி? நாளைக்கு என்னுதும் இப்படித்தான?” என்றார். வெளியே வண்டிகள் திண்டிவனம் ரோடு வரை நின்றுவிட்டன. ஹாரன் சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது.

தினேஷ் என் பக்கம் திரும்பினான். “அங்கிள், இதுக்கு ரூல் இன்னா?”

“ரூல் இல்லை. வழக்கம்.”

“எங்கயாவது எழுதியிருக்கா?”

“இல்லை” என்றேன். எழுதி வைத்திருந்தால் என்றைக்கோ யாராவது திருத்தியிருப்பார்கள்.

அவன் வாசலைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மேலே கேமராவைப் பார்த்தான். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தான். சென்னையிலிருந்து வருகிற அரிசி ஆலைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அடித்து வைத்தது. கயிறு சிவப்பு. ‘விசிட்டர்’ என்று போட்டிருந்தது.

“கூப்பிடுங்க அந்தம்மாவ. இத மாட்டிக்கிட்டு உள்ள வரட்டும். சம்பளமும் இல்ல, டைமும் இல்ல. கூட்டறத அவங்களே எடுத்துக்கட்டும்.”

டீக்கடை பெஞ்சிலிருந்து முனியம்மா ரோட்டைத் தாண்டி வந்தாள். அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நேராகப் போய் ஏழுமலை முன்னால் நின்றாள்.

“கூட்டிக்கட்டுமா நைனா?”

“கூட்டிக்கம்மா. குந்திக் குந்தி எனக்கு இடுப்பு வலிக்குது.”

அவள் குனிந்ததும் அட்டை ஊஞ்சல் மாதிரி முன்னால் ஆடி நெல்லைத் தொட்டது. எடுத்து முதுகுப் பக்கம் வீசிக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

“இதுல இன்னாண்ணா எழுதியிருக்குது?”

“வந்துட்டுப் போறவங்கன்னு எழுதியிருக்கு.”

“சரியாத்தான் எழுதியிருக்கான்! வந்துட்டு வூட்டுக்குத்தான போறேன்? இவனாட்டம் இங்கயே நாற்காலியில ஒட்டிக்கினா இருக்கப் போறேன்?”

மூட்டைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழுமலை சிரித்தார். தினேஷும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆலைக்காரர்கள் ஒரு மணி நேரம் வந்து ஏ.சி. அறையில் உட்கார்ந்து போவதும், இவள் இருபது வருஷம் அந்தத் தரையை முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்ததும் ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிட்டதா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அறுவடை முடியும்வரை காலையில் அதை வாங்கி மாட்டிக்கொண்டாள், சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு நெல் பையோடு பஸ் ஏறினாள். மாசிக் கடைசியில், மண்டி காலியான அன்று, அட்டையைத் தினேஷிடம் நீட்டினாள்.

“அடுத்த வருசத்துக்கு இதையே எடுத்து வை தம்பி. என் கழுத்துக்குப் பழகிப்போச்சு.”

“சரிம்மா” என்று வாங்கி இழுப்பறையில் போடப் போனான்.

என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ‘விசிட்டர்’ என்ற அந்த வார்த்தையை அடித்துவிட்டு மேலே அவள் பெயரை எழுத எவ்வளவு நேரமாகும்? ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றி அவன் முன்னால் நீட்டினேன்.

“எதுக்கு அங்கிள்?” என்றான்.